பழைய ஜீப்புக்கு ஏற்ற ஸ்பார்க் பிளக்

பழைய பெட்ரோல் ஜீப்பைப் பேணி வருவோர் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. மஹிந்திரா நிறுவனத்தார் 1947ஆம் ஆண்டில் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் இணைத்து விற்கத் தொடங்கினர். அவ்வகை ஜீப்பின் நான்கு சிலிண்டர் எஞ்சின் அமைப்பில் எளியது, உழைப்பில் சளைக்காதது. எனினும், பொருந்தாத பிளக் ஒன்று அதனைப் பாழாக்கிவிடக் கூடும்.

மரை பொருந்தினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். நாம் பார்த்த ஒரு ஜீப்பில் பிளக்கின் மரை 14 மி.மீ. குறுக்களவில் சரியாகவே இருந்தது. ஆனால் மரையின் நீளம் 19 மி.மீ.; அந்த எஞ்சினுக்கு வேண்டியதோ ஏறத்தாழ 9.5 மி.மீ. மட்டுமே. உள்ளே நீட்டி நின்ற மரையில் கரி இறுகிப் படிந்துவிட்டது. பிளக்கைக் கழற்றியபோது சிலிண்டர் ஹெட்டின் மரையும் உடன் பிய்ந்து வந்தது. விதைப்புக் காலத்தில் ஹெட்டைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது எத்தகைய இடர் என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வேறு சில எஞ்சின்களில் நீண்ட பிளக் பிஸ்டனையே முட்டிவிடும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது வெப்பத் தன்மை. பிளக்கின் நுனியிலுள்ள பீங்கான் நீண்டிருந்தால் வெப்பம் மெதுவாக வெளியேறும். அது சூடான பிளக். குட்டையாக இருந்தால் குளிர்ந்த பிளக். வயலுக்கும் சந்தைக்கும் மெதுவாகச் சென்றுவரும் வண்டியில் மிகக் குளிர்ந்த பிளக்கைப் பூட்டினால் கரி படிந்து பொறி தவறும். மிகச் சூடானதைப் பூட்டிப் பாரத்துடன் மேடேறினாலோ, பொறி எழுமுன்னரே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டன் துளைபடவும் கூடும்.

எண்களைக் கொண்டு ஏமாறுவோரே மிகுதி. வில்லிஸ் ஜீப்புக்கு உரியதாகச் சொல்லப்படுவது சாம்பியன் ஜே-8. சாம்பியன் வகையில் எண் பெருகினால் சூடு மிகும், என்.ஜி.கே. வகையில் எண் பெருகினால் குளிர்ச்சி மிகும். போஷ் வகையிலோ இரண்டு முறைகளும் உண்டு. 175, 225 என்னும் பழைய எண்களில் பெரியது குளிர்ந்தது. பின்னர் வந்த ஒற்றை எண்களில் பெரியது சூடானது. பழைய 175க்கு இணை 7. 225க்கு இணை 5. ஆகவே ஒப்புப் பட்டியலைப் பாராமல் வகை மாற்றுதல் கூடாது.

பிளக்கை மாற்றுமுன் பழையதன் நிறத்தைப் பார்த்தல் நலம். இளம் பழுப்பு நிறம் நன்று. உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதியைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின் பெரும்பாலும் ரிங்குகள் தேய்ந்திருக்கும். அதற்குப் பிளக் மருந்தாகாது. வெளிறிய வெண்மை கண்டவுடன் பிளக்கைக் குறை கூறவும் வேண்டாம். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருவதால், பழைய கார்புரேட்டரில் கலவை மெலிகிறது. முதலில் அதனைச் சரிசெய்து, பின்னர் மீண்டும் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த ஜீப் எஞ்சினுக்குப் பிளக்கின் இடைவெளி 0.75 மி.மீ. புதிய பிளக்கானாலும் அளந்தே பூட்டுக. எஞ்சின் ஆறியபின், புதிய வாஷருடன் கையால் இறுகும்வரை திருகி, அதன்பின் ஸ்பானரால் அரைச் சுற்று முடுக்கினால் போதும்.