அளவெடுத்துச் செய்யும் சப்பாத்தின் விலை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அடக்கவிலையைப் போல் மும்மடங்குக்கு விற்கப்படும் உயர்தரச் சப்பாத்தில் இரண்டு மடங்கு கடைக்காரருக்கு இலாபமாகப் போகிறது என்பது கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எளிதில் கேட்கக்கூடிய நம்பிக்கை. அடக்கவிலையின் மீது ஏற்றப்படும் தொகையாகிய விலையேற்றமும், எல்லாச் செலவுகளும் கழிந்தபின் மிஞ்சும் இலாபமும் ஒன்றல்ல. எடுத்துக்காட்டாக, வரி நீங்கலாக 30,000 ரூபாவுக்குச் செய்விக்கப்பட்ட சோடியொன்று வரி உட்பட 90,000 ரூபாவுக்கு விற்கப்படுகிறது என்று கொண்டால், விற்பவர் பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்தவராயின், 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்ட அவ்வரிக்கே ஏறத்தாழ 13,700 ரூபா சென்றுவிடுகிறது. எஞ்சும் 46,300 ரூபாவிலிருந்துதான் கடை வாடகை, ஊழியர் சம்பளம், மின்சாரம், விளம்பரம், திருத்த வேலை ஆகியவை கொடுபட்டு, மிஞ்சுவது இலாபமாகிறது.

எனினும், மும்மடங்கு என்பது தொழிலின் வழமை, ஆகவே அது எந்தச் சப்பாத்துக்கும் நியாயமே என்னும் மறுமொழியும் ஒரு நம்பிக்கையேயன்றி உண்மையன்று. ஆயத்தச் சப்பாத்துகளுக்குப் பெரிய விலையேற்றம் தேவைப்படுவதற்கு முதன்மையான காரணம் இருப்பு. ஒரே மாதிரியைப் பல அளவுகளிலும் நிறங்களிலும் வாங்கி அடுக்கும் கடை, ஒருவர்கூட வாங்குவதற்கு முன்பே முதலைப் போட்டுவிடுகிறது. நடுத்தர அளவுகள் விற்றுத் தீர, மிகச் சிறியவையும் மிகப் பெரியவையும் பருவ முடிவில் கழிவு விலைக்குப் போவதால், அந்த இழப்பும் தொடக்க விலையிலேயே சேர்க்கப்படுகிறது. வாடிக்கையாளர் கேட்டபின் செய்யப்படும் சப்பாத்திலோ, முற்பணம் கைக்கு வராமல் தோல் வெட்டப்படுவதில்லை. வாரக்கணக்கில் காத்திருப்பவரும் வாங்குபவரே. இருப்பின் ஆபத்தும் முதலின் சுமையும் இவ்வாறு இடம்மாறிய பின்னரும் பழைய மடங்கே நீடிக்குமானால், கடை தாங்காத ஆபத்துக்கு வாங்குபவர் விலை கொடுக்கிறார்.

இவ்வகை வேலைக்கென்றே சில செலவுகள் உண்டு என்பதை மறுக்கலாகாது. ஒற்றைச் சோடிக்காகத் தோலை வெட்டும்போது கழிவு கூடுகிறது, பட்டறையின் தொடர் வேலை தடைப்படுகிறது, பொருந்தாமல் திரும்பிவரும் சோடியைப் பிறருக்கு விற்பது கடினம். ஆனால் இவை பெரும்பாலும் சோடி ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடத்தக்க செலவுகளாதலால், குறித்த தொகையாகச் சேர்க்கப்பட வேண்டியவை. சிக்காகோவில் 1905 முதல் இயங்கும் ஹோர்வீன் தோல் பதனிடும் நிறுவனத்தின் கோர்டொவன், அதாவது குதிரையின் பின்புறத் தோலிலிருந்து ஆறு மாதமளவு பதனிட்டு எடுக்கப்படும் அரிய தோல், ஒரு சோடிக்கு 15,000 ரூபா கூடுதலாகும் எனக் கொண்டால், மும்மடங்கு முறையில் விற்பனை விலை 45,000 ரூபா ஏறுகிறது. தோல் சற்றுக் கடினமாகையால் உழைப்பு ஓரளவு கூடலாம். ஆனால் வாடகையும் அளவெடுக்கும் நேரமும் மும்மடங்காவதில்லை. உயர்தரச் சப்பாத்து விலையில் மிகக் குறைவாகக் கேள்விக்குள்ளாகும் பகுதியும், நியாயம் காட்ட மிகக் கடினமான பகுதியும் தோலின் கூடுதல் விலைமீது ஏற்றப்படும் இந்த மடங்கே.

கேட்டபடி செய்யப்படுவது தம் காலுக்கென்றே செதுக்கிய கட்டையில் உருவாகிறது என்று பலர் எண்ணுகின்றனர். கட்டை அல்லது லாஸ்ட் என்பது, தோலை இழுத்துப் பொருத்துவதற்குப் பயன்படும் கால் வடிவ அச்சு. தோலையும் நிறத்தையும் அடியையும் மட்டும் வாடிக்கையாளர் தெரிவுசெய்வது ஒரு தரம். இதற்குப் பட்டறையில் உள்ள பொதுக்கட்டையே போதும். அக்கட்டையின் மேல் தோல் துண்டுகளை ஒட்டி அகலத்தைத் திருத்துவது அடுத்த தரம். காலை அளந்து புதுக்கட்டை செதுக்கி, ஒத்திகைச் சோடி அணிவித்துப் பார்த்துச் செய்வது மூன்றாவது. முதற்றரத்துக்கு மூன்றாம் தரத்தின் விலையைக் கேட்பது விலையேற்றம் பற்றிய பிணக்கன்று, விவரிப்பில் உள்ள பிழை.

விலை உயர்ந்தால் செய்தவரின் கூலியும் உயரும் என்ற நம்பிக்கை, இவை எல்லாவற்றிலும் வருந்தத்தக்கது. தமிழ்நாட்டின் ஆம்பூரில் ஏற்றுமதிச் சப்பாத்துகளின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே கையால் தைக்கும் பெண்களைப் பற்றி 2016இல் தொழிலாளர் உரிமை அமைப்புகள் வெளியிட்ட ஆய்வு, பிரித்தானியாவில் 40 முதல் 100 பவுண் வரை விற்கும் சோடியின் அந்தத் தையலுக்குப் பத்துப் பென்சுக்கும் குறைவாகவே கிடைத்ததைக் காட்டியது. துண்டுக்கூலி, அதாவது எண்ணிக்கைக்கேற்பக் கொடுக்கப்படும் கூலி, விற்பனை விலையோடு இணைக்கப்படாத இடத்தில் கடைவிலை எவ்வளவு ஏறினும் தைப்பவரின் வருமானம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இனி, இலங்கை அரசு இத்தகைய சப்பாத்தின் விலைக்கு வரம்பு கட்டும் என்று எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் உச்சவிலைகள் பெரும்பாலும் அரிசி போன்ற அன்றாடத் தேவைப் பொருட்களுக்கே விதிக்கப்படுகின்றன. ஆனால் அதே சட்டம் தரத்தைப் பற்றித் தவறாக எண்ணச்செய்யும் விவரிப்பைத் தடைசெய்வதோடு, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்குமாறும் வணிகரைக் கட்டாயப்படுத்துகிறது. பொதுக்கட்டையா தனிக்கட்டையா, எந்தத் தோல், எத்தனை அணிந்துபார்ப்பு என்பன முற்பணச் சீட்டில் எழுதப்பட்டிருக்குமாயின், பிற்பாடு எழும் முறைப்பாட்டுக்கு அதுவே சான்றாகும்.