கூண்டைத் திற, மாப்பிள்ளை

புதுக்கோட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய படம் கிடைத்தது. நார்த்தாமலைப் பக்கம் ரோட்டைக் கடந்த பச்சோந்தியைப் பிடித்துவந்து, ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்து விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய்.

படத்தில் அது கறுத்துப் போயிருக்கிறதே, கவனித்தாயா? பச்சோந்தி இருக்கும் இடத்துக்குத் தக்க நிறம் மாறும் என்பதெல்லாம் நம் அரசியல் மேடைகளுக்குத் தோதான கதை. வெயில், குளிர், கோபம், பயம், இணை தேடும் வேகம், இவைதான் அதன் நிறத்தை மாற்றுகின்றன. தோலின் செல்களுக்குள் இருக்கும் நுண்படிகங்கள் நெருங்கி விலகுவதால் இது நடக்கிறது என்று 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் பச்சோந்தியை வைத்துக் கண்டார்கள். உன்னுடையது மிரண்டு போயிருக்கிறது.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறாய். இலையில் தங்கும் பனியையும் மழைத்துளியையும் நக்கிக் குடிக்கும் பிராணி அது. கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே நா வறண்டு சாகும். இன்னொன்று, பச்சோந்தி மரத்தை விட்டு இறங்குவதே அபூர்வம். வயிறு பெருத்திருந்தால் அது முட்டையிட மண் தேடி இறங்கிய பெட்டையாக இருக்கலாம். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிரை வாங்கிவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் ஊர்ப் பச்சோந்திக்கும் உண்டு. பிடித்தாலும் வைத்திருந்தாலும் விற்றாலும் குற்றம். வீட்டில் பிறந்த குஞ்சு என்று சொல்லித் தப்ப முடியாது.

ஏமன் பச்சோந்தி வாங்கிக்கொள்கிறேன் என்பாய். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதை வீட்டிலேயே பெருக்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். அவர்கள் படும் பாட்டையும் கேள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு வேண்டும்; ஒன்றை ஒன்று பார்த்தாலே பதறும். புற ஊதாக் கதிர் விளக்கும், வெட்டுக்கிளி மேல் தூவிக் கொடுக்கச் சுண்ணாம்புச் சத்துப் பொடியும் இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். பெட்டை ஆண் துணை இல்லாமலே முட்டையிடும்; அதிலேயே இளைத்துச் செத்துப்போவதும் உண்டு. கருவுற்ற முட்டை பொரிய ஆறேழு மாதமாவது ஆகும், அதுவரை சூடும் ஈரமும் பிசகக்கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், கரண்டு போய்வரும் வீட்டில் அதை நீ காப்பாற்றிவிட்டதாகவே வைத்துக்கொள். பிறந்த இருபது முப்பது குஞ்சுகளை வாங்குகிறவர் யார்? உன்னைப் போலவே கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறவர்தான். வளர்க்கும் ஆசையில் தப்பில்லை. விற்கும் நினைப்பைத்தான் விடச் சொல்கிறேன்.

வெளிநாட்டு இனத்துக்கும் காகிதம் உண்டு. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல் விதிகள் வந்தன. வைத்திருப்பது, பிறப்பு, இறப்பு, கைமாற்றுவது எல்லாவற்றையும் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். இறக்குமதிச் சீட்டு இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்பவரின் சரக்கு எப்படி வந்திருக்கும் என்று யோசி. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன.

காசு வேண்டுமென்றால் கப்பி, மோலி மீன் வளர்த்துப் பார். சென்னை கொளத்தூரில் அதையே தொழிலாக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. பச்சோந்திமேல்தான் ஆசை என்றால் அதற்கு நம் மாவட்டத்தைத் தவிர வேறு இடம் வேண்டாம். கோயில் காடுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, இருட்டியபின் டார்ச் அடித்துப் பார். தூங்கும் பச்சோந்தி வெளிறிப்போய்க் கிளை நுனியில் தெரியும். எந்த மரம், எவ்வளவு உயரம், என்ன மாதம் என்று நோட்டில் எழுதி வை. தொடாதே.

இதைப் படித்ததும் வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய். அவர்கள் சொல்கிறபடி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடு. ரோட்டின் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கமாக விடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா