ஹெட்லைட் பல்பு: வெள்ளை வேறு, வெளிச்சம் வேறு

எடைக்கல் முத்திரை, உரிமம் புதுப்பித்தல், வரிக் கணக்கு என்று நம் இதழில் மாதந்தோறும் பலரும் எழுதுகிறார்கள். நான் இம்முறை நம் சரக்கு வண்டியின் முன்னால் இருக்கும் ஒரு சின்ன பல்பைப் பற்றி எழுதுகிறேன். பருப்பு மண்டிக்காரனுக்கு பல்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு விபத்து எனக்குக் கற்றுக் கொடுத்தது.

2017-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமக் கடைகளுக்குத் துவரம் பருப்பும் மைதாவும் எண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு எங்கள் மினி லாரி இரவில் போய் வந்துகொண்டிருந்தது. "அண்ணாச்சி, லைட் பத்தலை, பள்ளம் தெரியலை" என்று டிரைவர் தம்பி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். உதிரிபாகக் கடையில் கேட்டதற்கு, 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்பு, அதுவும் நீலக் கண்ணாடி போட்டது, இரண்டு மாட்டிவிட்டார்கள். சுவரில் அடித்துக் காட்டியபோது பால் போல வெள்ளையாக இருந்தது. எனக்கும் திருப்திதான்.

நாலாவது நாள் இரவு, மழைத் தூறலில், எதிரே மொபெட்டில் வந்த ஒரு பால்காரப் பெரியவர் கண் கூசி, ரோடு ஓரத்துச் சேற்றில் இறங்கி விழுந்துவிட்டார். கை எலும்பு முறிந்தது. எங்கள் வண்டி அவர்மீது படவில்லை, டிரைவர் டிம்மில்தான் வந்தான். ஆனாலும் குற்றம் எங்கள் வண்டியினுடையது. மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டு ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னது, "வெளிச்சம் தெரிஞ்சுது அண்ணாச்சி, ரோடுதான் தெரியலை." அதற்குப் பிறகுதான் ஒரு நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் பல்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நம்முடைய சிறிய சரக்கு வண்டிகள் பலவற்றில் இருப்பது எச்-4 என்னும் ஹாலஜன் பல்பு. இந்த வகை 1971-இல் ஐரோப்பாவில் வந்தது. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்குக் கீழே கரண்டி போல ஒரு சின்னத் தகடு உண்டு. அந்தத் தகடு கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சத்தை மறைப்பதால், வெளிச்சம் ரிப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு ரோட்டை நோக்கிக் கீழே இறங்குகிறது. எதிரே வருபவர் கண்ணில் படாமல் இருப்பது அந்தத் தகட்டின் தயவால்தான். இழை நூல் அளவு இடம் மாறினாலும் வெளிச்சம் போகும் திசை மாறிவிடும்.

வாட் என்பது பல்பு தின்னும் மின்சாரம். வெளிச்சத்தை லூமன் என்ற அளவில் சொல்கிறார்கள். மாட்டுக்கு வைக்கும் தீவனமும் அது கறக்கும் பாலும் போல இரண்டும் வேறு. 60/55 வாட் எச்-4 பல்புக்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவு, 13.2 வோல்ட்டில் பிரைட்டுக்கு 1650 லூமன், டிம்முக்கு 1000 லூமன். இதில் 15 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அவ்வளவே.

இனி வெள்ளை நிறத்துக்கு வருவோம். ஹாலஜன் வெளிச்சம் இயற்கையாகவே சற்று மஞ்சள் கலந்தது. நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் ஏறக்குறைய 3200. அதை 4000, 5000 என்று வெள்ளையாக்குவதற்குக் கண்ணாடியில் நீலப் பூச்சுப் பூசுகிறார்கள். அந்தப் பூச்சு வெளிச்சத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. இருக்கும் வெளிச்சத்திலிருந்து மஞ்சளையும் சிவப்பையும் தடுத்து நிறுத்துகிறது. தானியத்தைச் சலித்தால் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், மூட்டை எடை கூடுமா? குறையத்தானே செய்யும். குறைந்த வெளிச்சத்தை ஈடு செய்ய இழையை இன்னும் சூடாக எரிய வைக்கிறார்கள், அதனால் பல்பு சீக்கிரம் போய்விடுகிறது. மெருகு ஏற்றிய பருப்பைக் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிடும் நாம், மெருகு ஏற்றிய பல்புக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வருகிறோம்!

நீலம் கலந்த வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணை மஞ்சளைவிட அதிகமாகக் கூச வைக்கும். வயதானவர்களுக்குக் கூச்சம் இன்னும் அதிகம், தெளியவும் நேரமாகும். எனக்கே அறுபதுக்கு மேல் ஆகிறது, இரவில் எதிர் வண்டி கடந்து போன பிறகு சில விநாடிகள் ரோடு இருட்டாகத்தான் இருக்கிறது. மழை நேரத்தில் நனைந்த தார் ரோடு கண்ணாடி போல வெளிச்சத்தை முன்னால் தள்ளிவிடும், நமக்குத் திரும்பி வருவது கொஞ்சம். முன்னால் போன வெளிச்சமோ எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும். அன்று நடந்தது அதுதான்.

100/90 வாட் விஷயம் இன்னும் மோசம். 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும். 100 வாட் இரண்டு என்றால் ஏறக்குறைய 17 ஆம்பியர். ஆம்பியர் இப்படிக் கூடும்போது வயரில் உண்டாகும் சூடு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். கம்பெனி போட்ட வயரும் சுவிட்சும் அதற்கானவை அல்ல. நான்கே நாளில் எங்கள் வண்டியின் ஹோல்டர் பழுப்பேறி இளகிப் போயிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் ரிப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருகியிருக்கும், நடுரோட்டில் இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்திருக்கும். இல்லையென்றால் வண்டியே பற்றியிருக்கும். எண்ணெய் டின் ஏற்றிய வண்டி!

சட்டமும் ஒத்துக்கொள்ளாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. முன்பெல்லாம் விளக்குக் கண்ணாடியின் நடுவில் கறுப்புப் பொட்டு வைப்பார்கள், உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

சரி, முதலில் வெளிச்சம் ஏன் குறைந்தது? எலெக்ட்ரீஷியன் மீட்டரை வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 13.6 வோல்ட், பல்பு ஹோல்டரில் 11.8 வோல்ட். நடுவில் ஏறக்குறைய இரண்டு வோல்ட் வழியிலேயே தொலைந்துவிட்டது. எர்த் வயர் துருப்பிடித்திருந்தது, ஸ்விட்சின் பாயின்ட் தேய்ந்திருந்தது. இரண்டு வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். வோல்ட் கொஞ்சம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் பல மடங்கு வேகத்தில் குறையும். இந்தக் கணக்குக்குப் பத்தில் நான்கு பங்கு வெளிச்சம் போய்விடுகிறது. பல்பில் குற்றமே இல்லை!

எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பாட்டரியிலிருந்து ப்யூஸ் வைத்துத் தடிமனான வயர் இழுத்து, நடுவில் ரிலே போட்டார். பழைய ஸ்விட்ச் ரிலேயை இயக்குவதோடு சரி, பல்புக்குப் போகும் கரன்ட் அதன் வழியாகப் போவதில்லை. புது வண்டியாக இருந்தால் வாரண்டி கெட்டுவிடும், கம்பெனி சர்வீஸில் கேட்டுவிட்டே செய்யுங்கள். அடுத்தது விளக்கின் முகப்பு. இப்போது வரும் பிளாஸ்டிக் முகப்புகள் வெயிலில் மஞ்சளித்து மங்கிவிடுகின்றன. அதைப் பாலிஷ் செய்யாமல் எந்த பல்பைப் போட்டும் பயனில்லை. எங்கள் வண்டிக்குப் பழையபடி 60/55 வாட் சாதாரண பல்பு இரண்டு மாட்டினோம். டிரைவர் தம்பி அதற்குப் பிறகு லைட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்பவர்கள், அதே 60/55 வாட்டில் '30 சதவீதம் கூடுதல்', '100 சதவீதம் கூடுதல்' என்று நல்ல கம்பெனிகள் விற்கும் பல்பை வாங்கலாம். அதில் ஏமாற்று இல்லை, ஆனால் அர்த்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மொத்த வெளிச்சம் இரட்டிப்பாவதில்லை. ரோட்டில் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் விழும் வெளிச்சத்தைத்தான் அந்தக் கணக்குச் சொல்கிறது. இழையைக் குறுக்கிச் சூடேற்றுவதால் ஆயுளும் குறைவு. தினமும் இரவு ஓடும் வண்டிக்கு 30 சதவீத வகை போதும் என்பது என் எண்ணம். அட்டைப் பெட்டியைப் பார்த்து வாங்காமல், பல்பின் உலோகப் பாகத்தில் வாட்டும் வோல்ட்டும், வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் அதை ஒட்டி ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் போலி வருகிறது, ஆகவே பில் இல்லாமல் வாங்க வேண்டாம். பெரிய லாரிகளுக்கு 24 வோல்ட், 75/70 வாட். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். 12 வோல்ட் பல்பை லாரியில் மாட்டினால் அந்த நிமிடமே போய்விடும்.

எல்.இ.டி. பல்பை எச்-4 ஹோல்டரில் சொருகுகிறார்களே என்று ஒருவர் கேட்டார். ஹாலஜன் இழைக்காகக் கணக்குப் போட்டுச் செய்த ரிப்ளெக்டர் அது. வெளிச்சம் வேறு இடத்திலிருந்தும் வேறு வடிவிலும் புறப்பட்டால் அது சிதறி எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும். கம்பெனியே எல்.இ.டி. விளக்காகச் செய்து தந்த வண்டியின் கதை வேறு.

மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. எரியும்போது அது மிகக் கடுமையாகச் சூடேறும். விரல் பிசுக்கு பட்ட இடம் கருகி, பல்பு வெடித்தும் போகலாம். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். மூன்று காதுகளும் அதனதன் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். கோணலாகத் திணித்து ஸ்பிரிங்கை மாட்டிவிட்டால் டிம் போட்டாலும் பிரைட் போலத்தான் அடிக்கும். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் போனால் அடுத்ததும் பின்னாலேயே வரும்.

கடைசியாக, நம் போன்ற சரக்கு வண்டிக்காரர்கள் கவனிக்காமல் விடும் விஷயம். காலி வண்டியில் விளக்கைச் சரி பார்க்கிறோம், ஓடுவதோ லோடோடு. பின்னால் மூட்டை ஏறினால் பின்பக்கம் அழுந்தி முன்பக்கம் மேலே பார்க்கும். ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவர் நெற்றிக்குப் போகும். சில வண்டிகளில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட திருகு இருக்கும். அது லோடுக்குத் தகுந்தபடி வெளிச்சத்தைக் கீழே இறக்குவதற்காக வைத்தது. எங்கள் வண்டியில் அது இருப்பதே அந்த விபத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

திருகு இல்லாதவர்கள் வழக்கமான லோடை ஏற்றி, டயருக்குச் சரியாகக் காற்று அடித்து, சமதரையில் ஒரு சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடு மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரம் என்றால், சுவரில் டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு 70 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம். அந்த விளிம்பு வலப்பக்கம் நேராகவும் இடப்பக்கம் சற்று மேலேறியும் இருக்கும். இடது ஓரத்து நடைபாதைக்காரர் தெரிவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஏறியிருந்தால் விளக்கின் பின்னால் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பி இறக்குங்கள்.

எங்கள் குடோன் பின்சுவரில் இந்தக் கோட்டைச் சுண்ணாம்பில் போட்டு, 10 மீட்டர் தள்ளித் தரையிலும் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறேன். சரக்கு எடுக்க வரும் உறுப்பினர்கள் லோடு ஏற்றிய பிறகு, இருட்டியதும் ஐந்து நிமிடம் வண்டியை அங்கே நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்க்ரூ டிரைவர் கல்லாவில் இருக்கிறது.