எச்.ஐ.வி. கிருமியும் மனித மரபிழையும்

மருந்துக்கு அடங்கியும் அழியாது நிற்கும் நோய்கள் சில உள. அவற்றுள் ஒன்று எச்.ஐ.வி. என்னும் கிருமியால் வருவது. இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பெற்றது நம் தமிழ்நாட்டிலேயாம். 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவர்தம் மாணவியார் டாக்டர் செல்லப்பன் நிர்மலா அவர்களும் ஆராய்ந்த குருதி மாதிரிகள், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பெற்றபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் அரசினர் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கலாயினர். தாம்பரம் அரசு மருத்துவமனை அதனை முதலில் வழங்கிய நிலையங்களுள் ஒன்று.

காலத்தே தொடங்கி இம்மருந்தை நாள்தோறும் உண்பவர் பிறரைப்போலவே நெடிது வாழ்கின்றனர். ஆயின், குருதியில் கிருமி தென்படாத நிலையைப் பல்லாண்டு எய்தியவரும் மருந்தை நிறுத்துவரேல், பெரும்பாலும் சில வாரங்களிலேயே அது மீண்டும் பெருகுகின்றது. இதுகாறும் அஃது எங்கே ஒளிந்திருந்தது?

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையின் பட்டுத் தறியொன்றை நினைவிற் கொள்வோம். பாவிழை ஒன்று அறுந்தால், நெசவாளர் வேறொரு நூல்துண்டை இடையில் முடிந்து இணைப்பர். நிறம் ஒத்திருப்பின், நெய்து முடித்தபின் அவ்வொட்டு கண்ணுக்குப் புலனாகாது. துணியை அறுத்தாலன்றி அதனை நீக்கவும் இயலாது.

எச்.ஐ.வி. செய்வதும் இதுவே. நம் உயிரணு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்களாலாய மரபிழை உண்டு. கிருமியின் மரபுச் செய்தியோ 9,700 எழுத்தளவினது. அது வெள்ளணுவுட் புகுந்து, தன் செய்தியை நம் மரபிழையின் மொழியிற் பெயர்த்து, அவ்விழையை வெட்டித் தன்னை இடையில் ஒட்டிக்கொள்கிறது. மருந்துகள் புதிய அணுக்களுட் கிருமி பரவுவதைத் தடுப்பன. முன்னரே ஒட்டியதைப் பிரித்தெடுக்க வல்லன அல்ல. ஒட்டுப்பெற்ற அணுக்களுட் சில உறங்குவனபோல் வாளாகிடக்கின்றன. 1997-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இதனை மெய்ப்பித்தனர். இவ்வணுத்தொகுதி பாதியாகக் குறைதற்கே ஏறத்தாழ 44 மாதங்கள் செல்லும். அன்றியும் அவ்வணு பிளந்து பெருகுங்கால், ஒட்டிய இழையும் உடன் பெருகுகின்றது.

இனி, மனிதர்தம் மரபு வேற்றுமையும் இந்நோயின் போக்கை மாற்றுவதுண்டு. கிருமி வெள்ளணுவுட் புகும் வாயில்களுள் ஒன்று சி.சி.ஆர்.5 என்னும் புரதம். அதற்குரிய மரபணுவில் 32 எழுத்துக்கள் குறைந்து, அக்குறையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றோர்க்கு அவ்வாயில் அடைபட்டிருக்கும். அத்தகைய ஒருவரின் எலும்பு மச்சை அணுக்களை, இரத்தப் புற்றுநோயுற்ற திமொதி ரே பிரவுன் என்பவர்க்கு 2007-இல் பெர்லின் நகரில் செலுத்தினர். அவர் எச்.ஐ.வி.யினின்று முற்றும் விடுபட்டார். 2020-இல் புற்றுநோய் மீண்டும் தோன்றியதால் இறந்தார். ஆயின் இம்முறை உயிருக்கே இடர் விளைக்கத்தக்கது. அம்மரபுக் குறையும் ஐரோப்பிய வழியினரிடையே காணப்படுவதன்றி நம் நாட்டில் மிக அரிது. ஆதலின் நம்மவர்க்கு இன்றுள்ள காப்பு நாள்தோறும் உண்ணும் மாத்திரையே.

இங்கேதான் நமக்கும் ஒரு கடமை பிறக்கின்றது. அயலார் கண்டால் இகழ்வரோ என்றஞ்சி மாத்திரையை மறைப்பவர், ஒருநாள் அதனை உண்ணாமலும் விடுவர். உறங்கிய கிருமி விழிப்பதற்கு அதுவே வழியாகும். மருந்தால் கிருமி தென்படாத நிலையில் நிலைத்திருப்போரிடமிருந்து உடலுறவாலும் இந்நோய் பரவுவதில்லை என்பது தெளிந்த உண்மை. உடனிருந்து உண்பதாலோ, தொடுவதாலோ அஃது எக்காலத்தும் பரவியதில்லை. பின் இகழ்ச்சிக்கு இடமேது?

வள்ளுவர் மருத்துவத்தை வகுத்தபோது, நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு, அருகிருந்து பேணுவாரையும் ஓர் உறுப்பாகவே வைத்தார். முதல் மூன்றும் இன்று நம் நாட்டில் உள. நான்காவது உறுப்பாக நிற்றற்குரியோர் நாமே.