பிழைக்கு ஒரு தனி வழி

கட்டளைத் தொகுப்பொன்று வேறு நிரல்களை ஏவும்போது அவை இரு வழிகளில் பேசுகின்றன. 1 என்னும் வழியில் விடை வரும். 2 என்னும் வழியில் பிழைச்செய்தி வரும். யூனிக்ஸ் முறையில் ஒரு நிரலின் விடையை அடுத்ததற்கு அனுப்பும் 'குழாய்' 1973-இல் வந்தது. பிழைச்செய்தியும் அக்குழாயிலேயே போய் மறைந்ததால் இரண்டாம் வழி தேவைப்பட்டது.

நம் மாவட்ட மழைக்கணக்கையே எடுத்துக்கொள்வோம். கோப்புகளை இணைப்பது 'கேட்' கட்டளை.

கேட் குன்னூர் கேத்தி > மழை 2> பிழை

கேத்திக் கோப்பு இல்லாவிடினும் 'மழை' உருவாகிவிடும். பார்வைக்குக் குறையே தெரியாது. ஆனால் 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் கொட்டிய 820 மில்லிமீட்டர் அதில் இராது! மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட மழை அது. 'பிழை'யைத் திறந்தால்தான் விடுபட்டது தெரியும்.

சிலர் 2>&1 என்றெழுதி இரண்டையும் ஒரே கோப்பில் சேர்ப்பர். எண்களுக்கு நடுவே செய்தி புகுந்து கூட்டலைக் கெடுக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதை '> மழை'க்கு முன்னால் எழுதினாலோ, செய்தி திரைக்கே போய்விடும்.

'பிழை' காலியாக இருப்பதும் போதாது. வாய் திறவாமலே தோற்கும் நிரல்களும் உண்டு. கட்டளை முடிந்த உடனே $? மதிப்பைப் பார்க்க வேண்டும். சுழி என்றால் வெற்றி. கேத்தி விடுபட்ட அன்று அது 1.