கூட்டித் தள்ளிய புல் உருண்டைகள்

காலையில் நீங்கள் போய்ப் பார்க்கும்வரை லாயத்தைக் கூட்ட விடாதீர்கள். வயதான குதிரை வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். இதை நான் தெரிந்துகொள்வதற்குள் என் செவலை ஐந்து மாதத்தில் ஏறத்தாழ 70 கிலோ இழந்துவிட்டாள்.

செவலை 26 வயதுப் பெட்டைக் குதிரை. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலப் பந்தயங்களில் ஓடியவள். ஓட்டம் முடிந்தபிறகு கிரகரி வாவிக் கரையில், சுற்றுலா வந்த பிள்ளைகளை முதுகில் ஏற்றி நடந்தாள். அங்கே பல பந்தயக் குதிரைகளின் முதுமை அப்படித்தான் கழிகிறது. முன்னங்கால் நொண்டத் தொடங்கியதும் விலைக்கு வந்தாள், நான் வாங்கினேன். கொழும்பில் என் வெள்ளவத்தை மாடிவீட்டில் குதிரைக்கு எங்கே இடம்? களனி ஆற்றுக்கு அப்பால், வத்தளையில் மச்சானுடைய தென்னங்காணியில் லாயம் கட்டினேன். அவளை மலையில் பராமரித்த பெரியவரும் கூடவே வந்து தங்கினார். உங்களுக்கும் இப்படி ஒரு காணியும் நம்பிக்கையான ஓர் ஆளும் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஏன் வாங்கினாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். என் அப்பா கொட்டாஞ்சேனையிலிருந்து கறுவாத்தோட்டம்வரை நடந்தே போய்ப் பந்தயம் பார்த்தவர். 1893இல் திறந்த அந்தப் பந்தய மைதானம் 1942இல் போர் விமானங்கள் இறங்கும் தளமானது. போருக்குப் பிறகு மீண்டும் குதிரைகள் ஓடின. 1956இல் எல்லாம் நின்றது. இப்போது அங்கே கடைகளும் ரக்பி மைதானமும். ஓடிய குதிரைகள் பிறகு என்ன ஆயின என்று அப்பா அடிக்கடி கேட்பார், யாருக்கும் பதில் தெரியாது. ஒரு குதிரைக்காவது பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்கு மேல் விளக்கம் சொல்லப்போவதில்லை.

ஓகஸ்ட் மாதம் முதுகெலும்பு இலேசாகத் தெரிந்தது. விலா தெரியவில்லை, ஏனென்றால் உடம்பு முழுக்க நீண்ட மயிர். மலைக்குதிரை, அதனால்தான் மயிர் அடர்த்தி என்று நினைத்திருந்தேன். கொழும்பு வெக்கைக்கு வந்து இரண்டு வருடமாகியும் ஏன் உதிரவில்லை என்று யோசிக்கவில்லை. முதிய குதிரைக்கு மயிர் நீண்டு உதிராமல் நின்றால் மூளைக்குக் கீழேயுள்ள கபச்சுரப்பியில் கோளாறு இருக்கலாம். அதுவும் தசையைக் கரைக்கும். செவலைக்கு அந்தச் சோதனை நடந்த கதை தனி. இங்கே சொல்லவேண்டியது ஒன்றுதான்: கண்ணை நம்பாதீர்கள், மயிருக்குள் விரலை விட்டு விலாவைத் தடவிப் பாருங்கள்.

மேல் மாடியில் நெடுந்தீவுக்காரர் ஒருவர் இருக்கிறார். செவலையின் படத்தைக் காட்டினேன். "கோடையில எங்கட மட்டக்குதிரையளும் இப்பிடித்தான் அண்ணை, மழை பெய்ய உடம்பு பிடிக்கும்" என்றார். அங்கே புல்லும் தண்ணீரும் வற்றுவதால் மெலிகின்றன, காரணம் கண்முன்னே இருக்கிறது. என் செவலைக்கோ தொட்டி நிறையக் கோ-3 தீவனப் புல், ஊறவைத்த கொள்ளு, தவிடு. காலையில் போனால் தொட்டி வெறுமை, தரை பளிங்கு. அவ்வளவையும் தின்று எப்படி மெலிகிறாள்?

முதலில் அழைத்த மிருக வைத்தியர் வாயைத் திறந்து பார்க்கவில்லை. இலத்தியைப் பரிசோதனைக்கு எடுக்கவுமில்லை. புழு என்றார், ஐவர்மெக்டின் கொடுத்தார். ஆறு கிழமை கழித்து மறுபடியும் கொடுத்தார். மூன்றாம் முறை, "வயசுதானே, இனி மெலியத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போனார். இலத்தியில் புழு முட்டைகளை எண்ணிப் பார்க்காமல் திரும்பத் திரும்ப மருந்து கொடுத்தால் புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். இதை அவருக்கு நான் சொல்லவேண்டிய நிலை வந்திருக்கக் கூடாது.

தைப்பொங்கலுக்குப் பெரியவர் நுவரெலியாவுக்குப் போனார். மறுநாள் காலை ஆறரைக்கு ஓட்டோவில் போய் இறங்கினேன். யாரும் கூட்டாத தரையில் பச்சை உருண்டைகள் கிடந்தன. சுருட்டைப்போல் முறுக்கிய, விரல் நீள உருண்டைகள், பன்னிரண்டு இருக்கும். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். எச்சில் காயாத புல். சாறு மட்டும் போயிருந்தது, நார் அறுபடவே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செவலை தலையை ஒரு பக்கம் சாய்த்து இரண்டு நிமிடம் மென்றாள். பிறகு உதட்டோரத்தால் இன்னொரு உருண்டையைக் கீழே விட்டாள்.

பெரியவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "தெனமும் கெடக்குங்க ஐயா. விடியக்காலம் அஞ்சு மணிக்கு நான் கூட்டித் தள்ளிருவேன். ஐயா வாறப்ப சுத்தமா இருக்கணும்ல" என்றார். அவர்மேல் குற்றமில்லை. தரையில் ஒரு துரும்பு கிடக்கக்கூடாது என்று வந்த புதிதில் கண்டிப்பாகச் சொன்னவன் நான். ஐந்து மாதமாக அவள் தந்த சாட்சியத்தை என் உத்தரவின்படிதான் ஈர்க்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார்.

பின்புறத்து இலத்திக் குவியலுக்குப் போனேன். அதில் கொள்ளு முளைவிட்டிருந்தது. முளை பச்சையாக, நேர்த்தியாக. அதைப் போன கிழமையும் பார்த்திருந்தேன். மண் நல்ல மண் என்று நினைத்தேன். மெல்லாத கொள்ளு முழுதாக வெளியே வந்து முளைத்திருக்கிறது.

பேராதனையில் படித்த ஓர் இளம் வைத்தியர் வந்தார். மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து வைக்கும் கருவியால் தாடையை விரித்து, கையை உள்ளே விட்டார். "அங்கிள், இவ சாப்பிடேல்ல. சப்பித் துப்புறா" என்றார். கீழ்க் கடைவாயில் ஒரு பல் விழுந்திருந்தது. அந்த இடைவெளிக்குள் மேல்பல் இறங்கி நீண்டிருந்தது. மற்றப் பற்களின் ஓரங்கள் கத்திபோல் தீட்டப்பட்டுக் கன்னத்தில் இரண்டு புண். குதிரையின் கடைவாய்ப்பல் வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் தேயும், ஈறுக்குள் புதைந்திருக்கும் பகுதி அதே அளவு மேலெழும். 25, 30 வயதுக்குள் புதைந்திருப்பதெல்லாம் தீர்ந்துவிடும். அரத்தால் ஓரங்களை அராவி, நீண்ட பல்லைக் கொஞ்சமாகக் குறைத்தார். ஒரேயடியாகக் குறைக்கக்கூடாதாம். 20 வயது தாண்டினால் ஆறு மாதத்துக்கொருமுறை வாயைப் பார்க்கவேண்டும் என்றார்.

கோ-3 புல்லை நிறுத்தச் சொன்னார். தண்டு முரடு, அத்தோடு அந்த இனப் புல்லிலுள்ள ஒக்சலேற்று கல்சியத்தை உடம்பில் சேரவிடாது. இப்போது பொடியாக வெட்டிய இளங் கினிப்புல்லும், ஊறிக் கூழான தேங்காய்ப் புண்ணாக்கும் கொடுக்கிறோம். அவுஸ்திரேலியாவில் இதையே குதிரைத் தீவனமாகப் பையிலிட்டு விற்கிறார்கள். மாச்சத்து குறைவு, எண்ணெய் உண்டு. பூஞ்சணம் பிடித்த வாசனை வந்தால் மூட்டையோடு திருப்பிக் கொடுங்கள். கொட்டாஞ்சேனைக் கடைக்காரரிடம் நான் இரண்டு தடவை கொடுத்திருக்கிறேன், முகதாட்சண்யம் பார்க்கவில்லை. உலர்ந்தபடி போடாதீர்கள், தொண்டையில் அடைக்கும். 400 கிலோக் குதிரைக்கு நாளுக்கு 6 முதல் 8 கிலோ உலர்நிறைத் தீவனம் வேண்டும். அதை நான்கு வேளையாகப் பிரித்து, இரண்டு கிழமையில் மெதுவாகப் பழக்குங்கள்.

எடையைக் கணக்கிட நீளமான ஒரு தையல் நாடா வாங்குங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டமுனைவரை நீளம், இரண்டும் சென்ரிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட கிலோ கிடைக்கும். விற்றவர் எழுதித் தந்த துண்டில் சுற்றளவு 178, நீளம் 160 என்றிருந்தது, அதாவது 427 கிலோ. அந்தத் துண்டு இரண்டு வருடம் என் மேசை லாச்சியில் கிடந்தது. வைத்தியர் வந்த அன்று சுற்றளவு 163, அதாவது 358 கிலோ. மாதம் ஒருமுறை அளந்திருந்தால் செப்டெம்பரிலேயே பிடித்திருப்பேன்.

"ஊசி போட்டு அனுப்பிவிடு, பாவம்" என்று சொன்ன உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. அவளுக்கு வந்தது சாவு அல்ல, பசி. தொட்டி நிறையத் தீனி இருக்கும்போதே வந்த பசி. அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் பசித்த குதிரையைக் கொன்றிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சுற்றளவு 172. மச்சான் அன்று காணிக்கு வந்திருந்தார். லாயத்துத் தரையைப் பார்த்து முகம் சுளித்து, "ஏன் இன்னும் கூட்டேல்ல?" என்று கேட்டார். பெரியவர் ஈர்க்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குந்தியிருந்து மூலை மூலையாகப் பார்த்தேன். ஒரே ஒரு உருண்டை, அதுவும் சின்னது. பிரித்துப் பார்த்துவிட்டு, "இனிக் கூட்டுங்கோ" என்றேன்.