பதின்மூன்று நாள் நெருக்கடி, இரண்டு பீரியட்

மாதிரி ஐ.நா. மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? எடுத்த எடுப்பில் 193 நாடுகளின் பட்டியலை அச்செடுத்து, பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்காவையும் ரஷ்யாவையும் கொடுத்துவிடாதீர்கள். முதல் ஆண்டு நான் அதைத்தான் செய்தேன். நல்ல பேச்சுகள் கிடைத்தன. பேச்சுவார்த்தை என்று ஒன்று நடக்கவே இல்லை. எதிர்த் தரப்பின் இக்கட்டைப் படித்துப் பதில் எழுத உட்காரும்போதுதான் பிள்ளைக்கு ராஜதந்திரம் பிடிபடுகிறது.

ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். நான் எடுப்பது, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் மூண்ட கியூபா ஏவுகணை நெருக்கடி. 1962 அக்டோபர் 16-இல் தொடங்கி 28-இல் முடிந்தது. பாத்திரங்கள் குறைவு, கடிதங்கள் இன்று படிக்கக் கிடைக்கின்றன. ஊரறிய ஒரு முடிவும் ஊரறியாத ஒரு முடிவுமாகத் தீர்ந்த விவகாரம் என்பதால் பிள்ளைகள் தோண்டத் தோண்ட ஏதாவது வரும்.

முப்பது பேர் இருந்தால் ஆறாறு பேராக ஐந்து அணி: வாஷிங்டன், மாஸ்கோ, ஹவானா, அங்காரா, ஐ.நா. செயலகம். ஒவ்வொரு அணிக்கும் ஓர் அட்டை. முன்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பின்பக்கத்தில் அந்த அணி மட்டும் பார்க்க வேண்டிய மூன்று வரி: எதைப் பெற வேண்டும், எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது. அங்காரா அட்டையில் நான் எழுதுவது இது: "உங்கள் மண்ணில் 15 அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகள் இருக்கின்றன. அவை உங்களுக்குக் காவல். விட்டுவிடாதீர்கள்." அட்டையைத் தயாரிப்பதில்தான் உங்கள் உழைப்பு முழுதும் போக வேண்டும். மேசைக் கொடி, கோட்டு, டை எல்லாம் இல்லாவிட்டாலும் வகுப்பு நடக்கும்.

வாயாடிப் பிள்ளைகளைச் செயலகத்தில் போடுங்கள். அங்கே வேலையே கேட்பதும் கொண்டுசேர்ப்பதும்தான். அப்போது தற்காலிகப் பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட், பர்மாவில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர் என்பதையும் சொல்லுங்கள். அக்டோபர் 24-இல் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் கடிதம் அனுப்பி, இரண்டு மூன்று வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள் என்று கேட்டவர் அவர்.

இனி, இந்த வகுப்பின் உயிரான விதி. அணிக்கு அணி வாய்ப்பேச்சு கிடையாது, கடிதம் மட்டும். ஒவ்வொரு அணியிலும் ஒருவர் தூது. கடிதம் முதலில் உங்கள் மேசைக்கு வரும்; ஐந்து நிமிடம் வைத்திருந்துவிட்டுத்தான் அனுப்புவீர்கள். பிள்ளைகள் பொறுமையிழந்து துடிப்பார்கள், துடிக்கட்டும். அன்று வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் டோப்ரினின் தன் அவசரச் செய்தியை மாஸ்கோவுக்கு அனுப்ப, தந்திக் கம்பெனிப் பையன் சைக்கிளில் வந்து வாங்கிப் போவதற்காகக் காத்திருந்தார். சோவியத் தலைவர் குருஷ்சேவின் கடிதம் அமெரிக்க அதிபர் கென்னடி கைக்கு முழுதாக வந்துசேரப் பல மணி நேரம் பிடித்தது. இரு தலைநகரங்களுக்கும் நேரடித் தொடர்பு வந்தது அடுத்த ஆண்டு, 1963-இல். ஏன் வந்தது என்று நீங்கள் விளக்கவே வேண்டாம். ஐந்து நிமிடம் காத்திருந்தவர்களுக்குத் தானாகவே விளங்கிவிடும்.

ஆட்டத்தின் நடுவில் வாஷிங்டன் அணிக்குக் குருஷ்சேவின் 26-ஆம் தேதிக் கடிதத்தின் சாரத்தைக் கொடுங்கள்: கியூபாமீது படையெடுக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால் ஏவுகணைகளை எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் பதில் எழுதி முடிப்பதற்குள் 27-ஆம் தேதிக் கடிதம் போகட்டும்: துருக்கியிலிருந்து உங்கள் ஏவுகணைகளையும் எடுங்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: கியூபா வானில் உங்கள் யு-2 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, விமானி இறந்தார். பெரும்பாலும் என் பிள்ளைகள் கொதித்துப்போய் இரண்டாவது கடிதத்துக்குத்தான் பதில் எழுதுவார்கள். குறுக்கே போகாதீர்கள். கென்னடி முதல் கடிதத்துக்குப் பதில் அனுப்பினார் என்பதும், துருக்கி விஷயத்தை அன்றிரவே அவர் தம்பி ராபர்ட் டோப்ரினினிடம் ரகசியமாகப் பேசி முடித்தார் என்பதும் கடைசியில் தெரியட்டும்.

மதிப்பெண் கடிதத்துக்குத்தான். சொல்லை எடைபோட்டு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். கடலில் கப்பல்களை மறித்த கென்னடி அதை "முற்றுகை" என்று சொல்லவில்லை. முற்றுகை சட்டப்படி போர்ச் செயல். "குவாரன்டைன்" என்றார். கொரோனா பார்த்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் நன்றாகவே தெரியும். ஒரே செயலுக்கு ஏன் வேறு பெயர் என்று கேட்டால் வகுப்பு சட்டென்று விழித்துக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. இப்போது நடந்துகொண்டிருக்கும் போரை எடுக்காதீர்கள். இலங்கை அகதி முகாமிலிருந்து வரும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். எந்தச் சண்டை யாருக்குக் காயம் என்பது நமக்குத் தெரியாது.

இரண்டாவது பீரியடின் கடைசி 25 நிமிடம் ஆட்டத்தை நிறுத்துங்கள். முதலில் அட்டைகளைத் திரும்ப வாங்குங்கள், அப்போதுதான் மாஸ்கோவாக இருந்தவன் மறுபடி நம் வகுப்புப் பையனாவான். பிறகு இரண்டே கேள்வி: எதை விட்டுக்கொடுத்தாய்? அதற்கு என்ன கிடைத்தது? இதற்கு எல்லோரும் பதில் சொன்ன பிறகு உண்மை வரலாற்றைச் சொல்லுங்கள்.

போன முறை ஹவானாவின் தலைமையில் அதிகம் பேசாத ஒன்பதாம் வகுப்புப் பெண் இருந்தாள். ஏவுகணைகளை எடுக்க மாஸ்கோ ஒப்புக்கொண்டது என்ற அறிவிப்பை நான் படித்ததும் எழுந்து நின்றாள். "எங்கள ஒரு வார்த்தை கேக்கலையே, சார்?" அன்று கியூபாவை ஆண்ட காஸ்ட்ரோவையும் கேட்கவில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு தாள் கேட்டாள். எங்கள் மண்ணில் ஐ.நா. ஆய்வாளர்களை விட மாட்டோம் என்று நான்கு வரி எழுதிச் செயலகத்துக்கு அனுப்பினாள். காஸ்ட்ரோவும் அதையேதான் சொன்னார். ஊ தாண்ட் 30-ஆம் தேதி விமானமேறி ஹவானா போக வேண்டியிருந்தது. அவளுக்கு இது எதுவும் தெரியாது. மணி அடித்தது. செயலக அணி அந்தத் தாளோடு என்னைச் சுற்றி நின்றது: "சார், நாளைக்கு நாங்க ஹவானா போகணும்."

கணக்கு டீச்சரிடம் மூன்றாவது பீரியட் கேட்டு வாங்கினேன்.